தலைக்கு மேலே போகும் கதவுகள்

பிப்ரவரி 3

என்னங்க,

வந்து சேர்ந்துவிட்டேன். போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். போனில் நாம் பேசும் லட்சணம் நமக்கே தெரியும். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" வரைக்கும் ஒழுங்காகப் போகும். அடுத்த வார்த்தையில் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், அதற்கடுத்ததில் நான் போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் தாள்தான் கிழியும்.

இந்த மூன்று மாதத்துக்குக் கம்பெனி கொடுத்த அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புதுக் கார்களை நிறுத்தும் மைதானம். எல்லாக் காரும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. சாயங்காலம் ஒவ்வொரு முன்கண்ணாடியிலும் ஒரு சூரியன் இறங்குகிறது. கையில் டீயை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றுவிடுகிறேன். டீ ஆறிப்போய்விடுகிறது.

கம்பெனியின் இந்தத் தொழிற்சாலையிலும் எனக்கு மழை அறைதான். செய்து முடித்த கார் உள்ளே வருகிறது, நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், நான் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்து எங்கே கசிகிறது என்று பார்த்து சாக்பீஸால் குறி போடுகிறேன். அது பாதி நாள். மீதி நாள், கதவு ஏன் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் குழுவில் வேலை. நான் வந்ததிலிருந்து இந்த ஊரில் ஒரு துளி மழை இல்லை. நான் மட்டும் மழையில் இருந்துவிட்டு ஈரத் தலையோடு வெயிலில் நடந்து வருகிறேன். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். பெட்டியை வலது கையாலேயே தூக்கினீர்கள். பஸ் நகரும்போது, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் பிரிவில் மாட்டுகிற கதவுகள் ஒழுகுகின்றன என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தது நான். அவர்கள் வந்து ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் உங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்பது அவர்கள் வாயிலிருந்துதான் உங்களுக்குத் தெரிந்தது. அப்படி நடந்திருக்கக் கூடாது. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அலமாரி மேல்தட்டில் இருந்த தைலம், டீத்தூள் டப்பா, உங்கள் ஷேவிங் சாமான் எல்லாவற்றையும் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் வந்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டாதீர்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மழைக்காரி


பிப்ரவரி 12

மழைக்காரிக்கு,

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். "என் மருமக எனக்குத்தான் எழுதியிருப்பா" என்றாள். முழுக்கப் படித்துவிட்டு, "மூணு மாசம் அங்கேயே இருக்கட்டும், அப்பவாவது உனக்குப் புத்தி வருதான்னு பாக்கலாம்" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். பெற்ற மகன் நான்!

நீ எழுதிக் கொடுத்ததன் பலன் என்ன தெரியுமா? போஸ்டர். ஒரு கதவுக்குக் கண்ணும் வாயும் வரைந்து, "என்னைக் கவனமாக மாட்டுங்கள்" என்று சிரிக்க வைத்து, என் தலைக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் எவனோ அதற்கு மீசை வரைந்துவிட்டான். அச்சு அசல் என்னைப் போலவே இருக்கிறதாம். ரேடியோ என்று கூப்பிடுகிறோமே, அவன்தான் வரைந்திருப்பான். அவன் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. போஸ்டர் போதாது என்று, கதவோரத்தில் பூசும் பசையை இன்னும் தடிமனாகப் பூசச் சொல்லி உத்தரவு வேறு. பூசினோம். கார் இப்போதும் ஒழுகுகிறதாம்.

நான் தோள் கொடுத்து வேலை செய்கிறவன். என் ஷிப்டுக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். நிற்காத ஷிப்ட். மேலே மஞ்சள் கயிறு தொங்குகிறது. ஏதாவது தப்பு என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்தால் கார்கள் நகர்ந்து வருகிற லைன் முழுக்க நின்றுவிடும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? இழுத்தவன் பேர் அன்றைக்கே கேன்டீனில் நாறிவிடும். எங்கள் கயிற்றில் தூசிதான் படிந்திருக்கிறது. எனக்கு அது பெருமை. கதவு பொருந்தவில்லையா, இடுக்கில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துத் தோளால் ஒரு முட்டு. அடங்கி உட்கார்ந்துவிடும். "தோளு"ன்னு சும்மாவா கூப்பிடறானுங்க?

தோளுக்கு ஒன்றுமில்லை. நீ கேட்பாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கலாம் என்றேன். இன்னமும் அதையேதான் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு டீயை இரண்டு டம்ளராக ஆற்றிக் குடித்துக்கொண்டு, புருஷனைப் பற்றிக் காகிதத்தில் எழுதி மேலே கொடுத்தாயே. கசிவு எல்லாம் எனக்குப் பெரிதில்லை. இதுதான் எனக்குத் தொண்டையிலேயே நிற்கிறது.

தைலம் கிடைத்தது. இருந்த இடத்தில் இருந்ததை ஏன் மாற்றினாய் என்று புரியவில்லை.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 24

என்னங்க,

சொல்லவில்லை என்கிறீர்கள். சமையலறையில் சொன்னேன், "பாத்துக்கலாம்" என்றீர்கள். மாடிப்படியில் சொன்னேன், "ம்" என்றீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று சொன்னபோது டி.வி. சத்தத்தைக் கூட்டினீர்கள். நான் சொன்னது எல்லாம் உங்கள் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் வேறு காதில் போட்டேன்.

போகட்டும். ஒரு கனவு வந்தது, அதைச் சொல்கிறேன். கதவுகள் எல்லாம் தொழிற்சாலையை விட்டு ஊருக்குள் கிளம்பிவிட்டன. ஆட்கள் தலைக்கு மேலே, மெதுவாக, சத்தமே இல்லாமல் போகின்றன. ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு, இது இல்லை என்று நகர்கின்றன. யாரும் பயப்படவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நீலக் கதவு நம் வீட்டுக்கு வந்தது. அத்தை வெளியே வந்து, "இங்க இல்லம்மா, பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரு" என்கிறார்கள். அது தலையை ஆட்டிவிட்டுப் போகிறது. கதவுக்கு ஏது தலை? ஆனால் ஆட்டியது.

இந்தக் கனவு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். முதல்நாள் முழுக்க ஒரு சாம்பல் நிறக் காரின் வெறும் பாடிக்குப் பின்னாலேயே நடந்தேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் கேளுங்கள். உள்ளே ஏறி இருக்கை எல்லாம் பொருத்த வசதியாகக் கதவுகளைக் கழற்றுகிறார்கள். கதவுகள் கொக்கியில் ஏறி மேல்வழியாகப் போகின்றன, அங்கே அவற்றுக்குக் கண்ணாடி, கைப்பிடி எல்லாம் வைக்கிறார்கள். பாடி கீழ்வழியாகப் போகிறது. கடைசியில் உங்களைப் போல மாட்டுகிறவர் நிற்கும் இடத்தில் இரண்டும் சந்திக்க வேண்டும். முதலில் கழற்றியது முதலில் வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது.

என் சாம்பல் பாடியில் நடுவழியில் ஒரு கீறல் தெரிந்தது. சரிசெய்ய ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மேலே போகிற அதன் கதவுகளிடம் யார் போய்ச் சொல்வது? அவை பாட்டுக்கு வந்தன. மாட்டுகிறவர் பார்த்தார், அடுத்து நின்றதும் சாம்பல்தான், மாட்டிவிட்டார். அதனுடைய கதவு அதற்கடுத்த சாம்பலுக்குப் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு சாம்பல் காரும் பக்கத்து வீட்டுக் கதவை மாட்டிக்கொண்டு போகிறது. அளவு ஒன்றுதான், யார் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாடிக்கும் கீலை அதன் சொந்தக் கதவை வைத்துப் பார்த்துத்தான் முறுக்கியிருக்கிறார்கள். மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழையைத்தான் நீங்கள் தோளால் முட்டித் தள்ளுகிறீர்கள். தண்ணீரும் அந்த வழியாகத்தான் வருகிறது. உங்கள் ஆட்கள் மேல் தப்பே இல்லை. போஸ்டர் ஒட்ட வேண்டிய இடமே அது இல்லை.

பாடி ஓரமாக ஒதுங்கினால் கதவுகளும் மேலே ஒரு கிளைத் தடத்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். பாடி திரும்பும்போது கூடவே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் என் யோசனை. எங்கள் குழுவின் மேலதிகாரி அம்மாவிடம் சொன்னேன். "நல்லாருக்கு. ஆனா காரணம் இதுதான்னு முதல்ல காட்டுங்க. உங்க பழைய தொழிற்சாலையில ஒரு ஷிப்ட் செஞ்சு காட்டட்டும், வருஷ மூடல்ல, தொழிற்சாலை நிக்கிறப்ப, தடம் போட்டுடலாம்" என்றார். கழற்றும் இடத்தில் பாடிக்கும் அதன் கதவுக்கும் ஒரே எண் அடித்த தகரத் துண்டைக் கீலில் கட்டிவிட வேண்டும். மாட்டும் இடத்தில் எண் ஒத்துப்போகாவிட்டால் முட்டக்கூடாது. கயிற்றை இழுக்க வேண்டும்.

எந்த ஷிப்ட் என்று கேட்டார். உங்கள் ஷிப்டைச் சொல்லிவிட்டேன். வேறு எந்த ஷிப்ட் லைனை நிறுத்தினாலும், வேலை தெரியாதவன் நிறுத்திவிட்டான் என்பார்கள். நீங்கள் நிறுத்தினால்தான் நம்புவார்கள்.

மழைக்காரி


மார்ச் 6

அம்மா தாயே,

என் கையாலேயே என் கயிற்றை இழுக்கச் சொல்கிறாய். நல்லா இருக்கு! முதலில் மேலே எழுதிக் கொடுத்து மானத்தை வாங்கினாய். இப்போது, நிற்காத ஷிப்டை நீங்களே நிறுத்துங்கள், நம்புவார்கள் என்று ஐஸ் வைக்கிறாய். முடியாது. முடியவே முடியாது. உங்கள் மேலதிகாரி அம்மாவிடம் சொல்லிவிடு.

எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். படிப்பு பெரிதாக இல்லை, பதவி இல்லை. நான் உள்ளே நுழைந்தால், "தோளு வந்துட்டாரு, இனி ஓடும்" என்று சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையில் எழுந்து போகிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எதற்கு அங்கே?

ரேடியோவிடம் இதைச் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன், அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிச்சலாக வந்தது.

உன் கனவை வேறு எழுதிவிட்டாய். அதிலிருந்து எனக்கும் பிடித்துக்கொண்டது. டீ நேரத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் அண்ணாந்து பார்க்கிறேன். ஒரு சிவப்புக் கதவு வந்தது. புதுக் கண்ணாடியில் கூரை விளக்கெல்லாம் நீந்திப் போயிற்று. கொக்கியில் லேசாக ஆடிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷமாக இதற்குக் கீழேதானே நிற்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. உன் பாடி எங்கேயடி என்று கேட்கலாம் போல் இருந்தது. கேட்கவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

என் பதில் முடியாது என்பதுதான். இனி இதைப் பற்றி எழுதாதே.

உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: தகரத்தைக் கட்டாதே. புதுச் சாயத்தைக் கீறிவிடும். ஸ்டிக்கரும் ஆகாது, பசை ஒட்டிக்கொள்ளும். ரப்பர் துண்டுதான் சரி. கீலில் கட்டினால் மாட்டும்போது குறுக்கே நிற்கும். பூட்டு வருகிற பக்கத்து ஓட்டையில் தொங்கவிட வேண்டும். சும்மா தோன்றியது, சொன்னேன்.


மார்ச் 14

என்னங்க,

தாள் முழுக்க முடியாது என்று எழுதிவிட்டுப் பின்குறிப்பில் வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதற்காக எழுதிக் கொடுத்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கார் ஒழுகுகிறதே என்றா? ஒழுகட்டுமே, எனக்கென்ன. ஒருநாள் காலையில் நீங்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சட்டையின் தோள்பட்டையை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழே குனிந்து, இடது கையை ஒரு பொருளை நுழைப்பது போல வலது கையால் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வெளியே வந்து, "என்ன, டீ ரெடியா?" என்று விசில் அடித்துக்கொண்டு கேட்டீர்கள். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன். நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் எழுதினேன். ஒவ்வொரு தப்பான கதவும் உங்கள் தோளில் வந்துதான் இடிக்கிறது. நான் அங்கே மழை அறைக்குள் உட்கார்ந்து குறி போட்ட ஒவ்வொரு கசிவும் நீங்கள் முட்டித் தள்ளிய கதவு. சாக்பீஸை வைக்கும்போதெல்லாம் உங்கள் தோளிலேயே கோடு போடுவது போல இருந்தது. உங்களிடம் சொன்னால் கேட்க மாட்டீர்கள். லைனைத் திருத்தினால் தோள் தப்பிக்கும் என்று நினைத்தேன். தோளைச் சொல்லி எழுதினால் உங்களை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று பயம். அதனால் தண்ணீரைச் சொல்லி எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலதிகாரி அம்மா நேற்றுக் கூப்பிட்டார். "இங்கேயே நிரந்தரமா இருந்துடறீங்களா?" என்று கேட்டார். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, உங்கள் தோள் ஒரேயடியாக விழுவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. வராமல் இருக்கவும் முடியவில்லை.

என்ன சொல்லட்டும்?

மழைக்காரி


ஏப்ரல் 2

என்னங்க,

பதில் இல்லை. அத்தைக்குப் போன் பண்ணினேன். "அவன் என்னமோ ரப்பரை வெட்டிக்கிட்டே இருக்கான், வீடெல்லாம் ரப்பர் நாத்தம், பேச்சே இல்ல" என்றார்கள். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

இங்கே இன்று முதல்முறையாக நிஜ மழை. எல்லாரும் உள்ளே ஓடினார்கள். நான் மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். நிறுத்தியிருந்த அத்தனை கார்களின் மேலும் மழை பெய்தது. எது ஒழுகுகிறது என்று பார்க்க உள்ளே ஆள் இல்லை. கூரை மேல் விழுகிற சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மழைக்காரி


ஏப்ரல் 9

மழைக்காரிக்கு,

உன் கடைசிக்கு முந்தின கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் உன்மேல் அவ்வளவு கோபம். திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாய். அம்மாவிடம் கத்தினேன். "எனக்கும் தெரியும்டா. நீ கைய ஊணாம எந்திரிக்கறத நான் பாக்கலையா?" என்றாள். சரி, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நான் ஒருவன்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரப்பரை வெட்டினேன். ஆட்களிடம் சொன்னேன். ரேடியோ முதல் ஆளாகக் கை தூக்கினான். சொல்லப்போனால் அவன் தோளும் அப்படித்தானாம். அவனும் வாயைத் திறக்கவில்லை பார், ரேடியோவாம் ரேடியோ.

முதல் நாள் எண்கள் எல்லாம் அழகாக ஒத்துப்போயின. "பார்த்தாயா, உன் கணக்கு தப்பு" என்று உனக்கு எழுத வாக்கியம்கூடத் தயார் பண்ணிவிட்டேன். அடுத்த நாள் ஒரு சிவப்பு பாடியைக் கீறல் என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பின்னாலேயே இன்னொரு சிவப்பு என் முன்னால் வந்து நின்றது. மேலிருந்து கதவு இறங்கியது. பாடியில் ஒரு எண், கதவில் வேறு எண்.

என் தோள் தானாக முன்னால் போயிற்று. பழக்கதோஷம். மரக்கட்டைகூடக் கைக்கு வந்துவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டையைக் கீழே வைத்தேன். கயிறு எனக்கு இடது பக்கம் தொங்குகிறது. இடது கையைத் தூக்கினேன்.

கை நெஞ்சுவரைதான் வந்தது. அதற்குமேல் வரவில்லை. அத்தனை பேர் முன்னாலும் பாதியில் நின்றது. அன்றைக்கு மேலிடத்தார் கேள்வி கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இல்லை. ரேடியோ ஓரடி முன்னால் வந்தான். "இரு" என்றேன். திரும்பி நின்று வலது கையால் இழுத்தேன். தலைமேல் தூசி கொட்டியது.

லைன் நின்றது. அந்த அமைதியை உனக்கு எப்படிச் சொல்வேன்? அவ்வளவு பெரிய கூடத்தில் யாரோ ஒருவர் இருமுகிறது கேட்டது. மேலே கதவுகள் நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. சிவப்பு, நீலம், வெள்ளை, சாம்பல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ஒவ்வொன்றும் ஆட்டம் குறைந்து குறைந்து நின்றது. உன் கனவுக்குள் நான் நுழைந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஷிப்ட் மேலாளர் ஓடி வந்தார். "தோளு, நீயா இழுத்தே?" என்றார்.

"நான்தான்."

"ஏன்?"

"இது இந்த வீட்டுக் கதவு இல்ல சார்."

அவர் எண்களைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சரியான கதவைத் தேடி இறக்கச் சொன்னார். அது அடுத்த கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, பாவம். மாட்டினோம். கட்டை வேண்டியிருக்கவில்லை, தோள் வேண்டியிருக்கவில்லை. ஒரு விரலால் தள்ளினேன். மூடிக்கொண்டது. சொந்தக் கதவு மூடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ரேடியோ அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகும் பல தடவை இழுத்தேன். கேன்டீனில் பேசினார்கள், பேசட்டும். நாங்கள் எண் பார்த்து மாட்டிய கார்களை மழை அறையில் உன் இடத்தில் இருக்கிறவர் சோதித்துவிட்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். காய்ந்திருந்தன. வருஷ மூடலில் கிளைத் தடம் போடப் போகிறார்கள். போஸ்டரைக் கிழித்தாயிற்று. மீசை இருந்த பாதியை மட்டும் ரேடியோ வீட்டுக்கு எடுத்துப் போனான்.

டாக்டரிடம் போனேன். நீயே வந்து திட்டுவாய் என்பதால் அவர் சொன்னதை எழுதவில்லை. இனி முட்டக் கூடாது, அவ்வளவுதான். என்னை எண் பார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். கயிறு என் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். உனக்கு நல்ல வேலை, அங்கேயே இருந்துகொள் என்று பெருந்தன்மையாக ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்று காலை அலமாரி முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் ஏன் கீழே மாற்றினாய் என்று புரியவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய். கதவைத் திறந்த அன்றைக்கே புரிந்துவிட்டது. மேல்தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா ஏதோ சாமானை அதில் வைக்கப் போனாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அது உன் தட்டு. என் கை அங்கே எட்டாது. நீ வந்து வை.